பாக்டீரியாவுக்குள் இழை தேடிய எழுபது ஆண்டுகள்

1962இல் ரோஜர் ஸ்டேனியரும் கார்னெலிஸ் வான் நீலும் பாக்டீரியா என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை எழுதினார்கள். அதில் மூன்று கூறுகள் இருந்தன. மரபுப்பொருளைச் சுற்றித் தனியாகப் பிரித்துவைக்கும் சவ்வு செல்லுக்குள் இல்லை. அந்த மரபுப்பொருள் மைட்டாசிஸ் முறையில் பிரிவதில்லை, நேராகப் பிளந்துவிடுகிறது. செல்சுவரில் மட்டும் வேறெங்கும் காணாத ஒரு வேதிப்பொருள் உண்டு. மூன்றில் இரண்டு, இல்லாதவற்றின் கணக்கு. பாக்டீரியாவைச் செடியில் சேர்ப்பதா, வேறெதில் சேர்ப்பதா என்று அன்று நிலவிய குழப்பத்தைத் தீர்க்க இப்படி ஒரு வரையறை தேவையாக இருந்தது. அதை எழுதியவர்களும் துறையில் மிகுந்த மதிப்புப் பெற்றவர்கள். ஆனால் அடுத்து வந்த தலைமுறை, இல்லை என்று எழுதப்பட்டதை பாக்டீரியாவின் இயல்பாகவே எடுத்துக்கொண்டது. பாக்டீரியா என்பது நொதிகள் நிரம்பிய ஒரு பை, அதற்குச் சுவர் உண்டு, உள்ளே சட்டகம் கிடையாது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து உள்ளே இழைகள் இருப்பது தெரிந்தபோது நேர்மாறான பிழை நிகழ்ந்தது: நம் செல்களில் குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்கோலைப் போன்ற ஒன்று அங்கேயும் இருந்தாக வேண்டும் என்று பலர் தேடினார்கள். இந்த இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றே என்பது என் வாதம். இரண்டு காலத்திலும் பாக்டீரியாவை அளக்க உட்கருவுள்ள செல்லே அளவுகோலாக இருந்தது.

முதலில் சிக்கலின் அளவைப் பார்க்க வேண்டும். 1963இல் ஜான் கெய்ர்ன்ஸ் ஈ.கோலையின் டி.என்.ஏ.வில் கதிரியக்கப் பொருளை ஏற்றி, அது ஒளிப்படத் தகட்டில் தன் தடத்தைத் தானே பதியுமாறு செய்தார். தெரிந்தது முனையற்ற ஒற்றை வளையம். நீளம் ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர். அது அடங்கியிருக்கும் செல்லின் நீளமோ மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குதான். நல்ல உணவு கிடைத்தால் இந்தச் செல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். குரோமோசோமைப் பிரதியெடுக்க அதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். ஆகவே ஒரு பிரதி முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுகிறது. இத்தனை நெருக்கடியிலும் மரபுப்பொருள் கிடைக்காமல் பிறக்கும் சேய்ச்செல் ஆயிரத்தில் ஒன்றுகூட இருப்பதில்லை. உட்கருவுள்ள செல்களில் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். 1882இல் வால்டர் ஃபிளெமிங் வரைந்த படங்களிலேயே கதிர்கோல் இழைகள் இருக்கின்றன. 1950களில் ஷின்யா இனோவே உயிருள்ள செல்லிலேயே அவற்றை முனைவுற்ற ஒளியில் காட்டினார். பாக்டீரியாவில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. வேலை துல்லியமாக நடக்கிறது, செய்பவர் மட்டும் தெரியவில்லை.

கண்ணில் படவில்லை என்பதும் முழு உண்மையாகாது. பட்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1940களில் கார்ல் ராபினோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பதப்படுத்தி ஜீம்சா சாயம் ஏற்றும் முறையால் பாக்டீரியாவின் மரபுப்பொருளைத் தெளிவாகத் தெரியும் திட்டுகளாகக் காட்டினார். அதைத் தொடர்ந்து 1951இல் எட்வர்ட் டிலாமேட்டரும் ஸ்டூவர்ட் மட்டும், பாசில்லஸ் மெகாதீரியம் என்ற பெரிய பாக்டீரியாவில் மைட்டாசிஸ் நடப்பதாக அறிவித்தார்கள். குரோமோசோம்கள், கதிர்கோல், சென்ட்ரியோல் எல்லாம் இருப்பதாக அந்தப் படங்களுக்கு விளக்கம் தரப்பட்டது. ராபினோ அதை ஏற்கவில்லை; பிஸெட் போன்றோர் 1953 வாக்கில் வெளிப்படையாகவே மறுத்து எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஏற்றவாறு செல்லைப் பதப்படுத்தும் நல்ல முறையை ஆந்த்வானெத் ரித்தேரும் எட்வார்ட் கெல்லன்பெர்கரும் உருவாக்கியபோது, கதிர்கோலின் சுவடே அங்கே இல்லை என்பது உறுதியாயிற்று. இந்தச் சர்ச்சையை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஒளியால் பிரித்துக் காட்ட முடிகிற மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.2 மைக்ரான்; அந்த பாக்டீரியாவின் அகலமோ ஒன்றிரண்டு மைக்ரான்தான். அத்தனை சிறிய பரப்பில் சாயத்தின் திட்டுகளுக்கு இடையே கண் தனக்குப் பழக்கமான உருவத்தை வரைந்துகொள்கிறது. டிலாமேட்டர் கண்டது அவர் ஏற்கெனவே அறிந்திருந்த கதிர்கோலை. அந்தத் தோல்விக்குப் பிறகு பாக்டீரியாவில் இழை என்று பேசுவதற்கே தயக்கம் வந்தது. ஸ்டேனியர், வான் நீல் வரையறை அந்தத் தயக்கத்துக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்துவிட்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது 1963இல் பிரான்சுவா ஜேக்கப், சிட்னி பிரென்னர், பிரான்சுவா குஸான் மூவரும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் முன்வைத்த மாதிரி. குரோமோசோமின் இரு பிரதிகளும் செல்சவ்வில் அருகருகே ஒட்டிக்கொண்டிருக்கும், அவை ஒட்டிய இடங்களுக்கு நடுவே சவ்வும் சுவரும் வளரும், வளர வளர இரண்டும் தானாக விலகும். எந்திரம் எதுவும் வேண்டாம். செல் வளர்ந்தால் போதும். எளிமையில் அழகான இந்த யோசனை முப்பது ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. ஆனால் அது சரியாக இருக்க வேண்டுமானால் புதிய சுவர் செல்லின் நடுவில் மட்டுமே சேர வேண்டும். சுவர் எங்கே சேர்கிறது என்று அளந்தவர்கள், ஈ.கோலையின் நீளவாட்டுப் பக்கம் முழுவதும் அது பரவலாகச் சேர்வதைக் கண்டார்கள். 1990களின் பிற்பகுதியில் குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒளிரும் புரதத்தை ஒட்டி, உயிருள்ள செல்லில் அதன் போக்கைப் பின்தொடர முடிந்தது. பாசில்லஸ் சப்டிலிஸில் பிரதியெடுப்பு தொடங்கும் இடத்தின் இரு நகல்களும் செல் நீளும் வேகத்தைவிடப் பலமடங்கு வேகமாக விலகி ஓடின. வளர்ச்சி மட்டும் காரணமாக இருந்திருந்தால் அந்த ஓட்டம் நடந்திருக்காது.

வளர்ச்சி போதாது என்பதற்கான தடயம் அதற்கு முன்பே வேறொரு மூலையில் கிடைத்திருந்தது. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக வாழும் சிறிய டி.என்.ஏ. வளையம். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் இருக்கும் பிளாஸ்மிட், பிரியும்போது இரு பக்கமும் தற்செயலாகவே போய்ச் சேரும். செல்லுக்கு ஒன்றிரண்டு மட்டுமே இருக்கும் பிளாஸ்மிட்டின் நிலை வேறு. இரண்டே பிரதிகள் இருந்து அவை குருட்டாம்போக்கில் பிரிந்தால், பாதிப் பிரிவுகளில் ஒரு சேய்ச்செல்லுக்கு எதுவும் கிடைக்காது. சில தலைமுறைகளில் பிளாஸ்மிட்டே அழிந்துபோகும். உண்மையில் அப்படி அழிவதில்லை என்றால், அதைப் பங்கிட்டுக் கொடுக்க ஏதோ ஏற்பாடு இருக்க வேண்டும். 1983இல் ஜப்பானில் ஒகுராவும் சோட்டா ஹிராகாவும் எஃப் பிளாஸ்மிட்டிலும், அதே ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்டினும் ஏபிலிஸும் பி1இலும் அந்த ஏற்பாட்டுக்கான மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். டென்மார்க்கில் கென் கெர்டெஸும் சோரன் மொலினும் 1986இல் ஆர்1 பிளாஸ்மிட்டில் முற்றிலும் வேறான இன்னொரு ஏற்பாட்டைக் கண்டார்கள். எல்லாவற்றிலும் மூன்றே உறுப்புகள்: கதிர்கோல் குரோமோசோமைப் பற்றும் இடமான சென்ட்ரோமியர் போலச் செயல்படும் ஒரு டி.என்.ஏ. துண்டு, அதைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம், ஆற்றலைச் செலவழித்து அசைவை உண்டாக்கும் இன்னொரு புரதம். பி1இல் அசைவை உண்டாக்கும் புரதத்துக்குப் பார்ஏ என்றும் பற்றிக்கொள்ளும் புரதத்துக்குப் பார்பி என்றும் பெயர். இந்த இணையின் உறவுகள் பின்னர் பாசில்லஸ் சப்டிலிஸ், காலோபாக்டர் போன்ற பல பாக்டீரியாக்களின் குரோமோசோம்களிலேயே இருப்பது தெரியவந்தது. குரோமோசோமை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைக்காத விடை, அதன் ஓரத்தில் ஒட்டுண்ணிபோல் வாழும் சிறு வளையத்திலிருந்து வந்தது. இழந்தால் உடனே தெரிந்துவிடுகிற, எண்ணிப் பார்க்க முடிகிற பொருள் அது என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கருவி இல்லாததால் பார்க்க முடியவில்லை, கருவி வந்ததும் பார்த்துவிட்டார்கள், இதில் கருத்தைக் குறைசொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒளிரும் புரதம் 1990களில் வந்ததும் துறையே மாறியது என்பது மெய். ஆனால் காலவரிசை இந்த வாதத்துக்கு ஒத்துழைக்கவில்லை. உயர் வெப்பத்தில் பிரிய முடியாமல் நூல்போல் நீண்டுபோகும் ஈ.கோலை வகைகளை யுகினோரி ஹிரோட்டா 1960களிலேயே சேகரித்திருந்தார். அவற்றில் முக்கியமான எஃப்டிஎஸ்இஸட் மரபணுவை ஜோ லட்கென்ஹவுஸ் 1980இல் அடையாளம் கண்டார். அந்த மரபணுவின் புரதம் செல்லின் நடுவில் வளையமாகச் சேர்வதை அவரும் சக ஆய்வாளர் பீயும் 1991இல் காட்டியது ஒளிரும் புரதத்தால் அன்று. பொன்துகள் ஒட்டிய எதிர்ப்புரதத்தையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியையும் கொண்டு, அதாவது பல ஆண்டுகளாகக் கையில் இருந்த முறையைக் கொண்டு. 1992இல் பேர் போர்க், கிறிஸ் சாண்டர், அல்ஃபோன்சோ வலென்சியா மூவரும் புரத வரிசைகளை ஒப்பிட்டு, எம்ஆர்இபி என்ற பாக்டீரியாப் புரதமும் ஆர்1 பிளாஸ்மிட்டின் பங்கீட்டுப் புரதமும், உட்கருவுள்ள செல்களின் இழைப்புரதமான ஆக்டினின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எழுதினார்கள். அந்தக் கணிப்பை எம்ஆர்இபியில் சோதித்துப் பார்க்க 2001 வரை ஆயிற்று. ஒன்பது ஆண்டுத் தாமதத்துக்குக் கருவியை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பாக்டீரியாவில் ஆக்டின் இருக்காது என்பது தெரிந்த விஷயமாக இருந்ததால், இருக்கிறது என்ற கணிப்பைப் பெரும்பாலோர் கடந்துபோனார்கள்.

2001இல் கேம்பிரிட்ஜில் ஃபுசினிட்டா வான் டென் என்ட், லிண்டா ஏமஸ், யான் லோவ மூவரும் எம்ஆர்இபியின் படிக அமைப்பை வெளியிட்டபோது, அது ஆக்டினோடு பொருந்தியது. எஃப்டிஎஸ்இஸட்டின் அமைப்பு, கதிர்கோல் இழைகளின் புரதமான டியூபுலினோடு பொருந்துவதை லோவவும் ஏமஸும் 1998லேயே காட்டியிருந்தார்கள். ஆர்1 பிளாஸ்மிட்டின் புரதம் பார்எம் என்ற பெயரோடு 2002இல் இழையாக வெளிப்பட்டது. அதன் வேலைமுறையை ஈதன் கார்னரும் டைச் மல்லின்ஸும் 2004லும் 2007லும் தெளிவாக்கினார்கள். பார்எம் இழை இரு முனையிலும் வளரும், பிடிமானம் கிடைக்காவிட்டால் திடீரெனச் சரிந்து கரையும். ஒரு முனையில் ஒரு பிளாஸ்மிட்டும் மறுமுனையில் இன்னொன்றும் சிக்கினால் இழை நிலைபெறும். நீண்டுகொண்டே போய் இரண்டையும் செல்லின் இரு கோடிக்குத் தள்ளும். தூய்மைப்படுத்திய இரண்டு புரதங்களையும் சென்ட்ரோமியர் துண்டு ஒட்டிய நுண்மணிகளையும் மட்டும் வைத்து, செல்லே இல்லாமல் இந்தத் தள்ளலை அவர்கள் நடத்திக் காட்டினார்கள். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணையும் இழைகளால் அமைந்த இரு முனை அமைப்பு இது என்பதை லோவ குழுவில் இருந்த பி. காயத்ரியும் சகாக்களும் 2012இல் நிறுவினார்கள். பாக்டீரியாவில் டி.என்.ஏ.வைப் பிரிக்கும் இழைகள் உண்டு என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கேட்க முடியாது.

இதே சான்றை உற்றுப் பார்த்தால் ஒப்பீட்டின் எல்லையும் தெரிகிறது. நம் செல்லில் குரோமோசோமைப் பிரிப்பது டியூபுலினின் வேலை. செல்லை நடுவில் இறுக்கி அறுப்பது ஆக்டினின் வேலை. இங்கே டி.என்.ஏ.வைத் தள்ளும் பார்எம் ஆக்டினின் உறவு. செல்லின் நடுவில் வளையமாக நிற்கும் எஃப்டிஎஸ்இஸட் டியூபுலினின் உறவு. குடும்பம் அதுவே, பணிகள் இடம் மாறியிருக்கின்றன. இன்னும் சில பிளாஸ்மிட்களில் டியூபுலினின் வேறோர் உறவான டியூப்இஸட்டும் டி.என்.ஏ.வைக் கொண்டுசெல்கிறது. ஒரு புரதம் யாருடைய உறவு என்பதிலிருந்து அது என்ன செய்கிறது என்பதைப் படித்துவிட முடியாது. ஒப்பீடு இல்லாமல் இந்தப் புரதங்களை அடையாளமே கண்டிருக்க முடியாதே என்று ஒருவர் சொல்வாரானால், அதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். போர்க் குழுவினரின் கணிப்பு ஒப்பீட்டின் வெற்றி. அடையாளம் காட்டியதோடு நில்லாமல் வேலைமுறையையும் ஒப்பீட்டிடமே கேட்டபோதுதான் துறை வழிதவறியது.

வழிதவறியதற்கு எம்ஆர்இபியே சாட்சி. 2001இல் ஜெஃப் எரிங்டன் குழுவினர் பாசில்லஸ் சப்டிலிஸில் எம்ஆர்இபியும் அதன் உறவுப் புரதமும் செல்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருகுச்சுருளாக ஓடுவதாகப் படம் காட்டினார்கள். இப்படி ஒரு நீண்ட தண்டவாளம் இருந்தால் குரோமோசோம் அதில்தானே பயணம் செய்யும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. 2005இல் ஸெமர் கிதாய், லூசி ஷாபிரோ குழுவினர், எம்ஆர்இபியை முடக்கும் ஏ22 என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் காலோபாக்டரில் குரோமோசோமின் தொடக்க இடம் நகராமல் நின்றுவிடுவதாக அறிவித்தார்கள். ஈ.கோலையிலும் இதை ஒத்த முடிவுகள் வந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தது. மெக்னீசியம் மிகுந்த ஊடகத்தில் எம்ஆர்இபியே இல்லாத பாசில்லஸ் சப்டிலிஸ் வாழ்ந்தது, குரோமோசோமையும் பிரித்தது. ஈ.கோலையில் தொடக்க இடம் விலக எம்ஆர்இபியின் அசைவு தேவையில்லை என்று வாங், ஷெராட் இருவரும் 2010இல் காட்டினார்கள். 2011இல் மூன்று குழுக்கள், எம்ஆர்இபி நீண்ட சுருள் அன்று, சுவருக்கு அடியில் செல்லின் சுற்றளவை ஒட்டி நகரும் சிறு திட்டுகள் என்றும், அவற்றை நகர்த்துவது சுவர் கட்டும் வேலையே என்றும் கண்டன. அடுத்த ஆண்டு, ஈ.கோலையில் பலரும் பயன்படுத்திவந்த ஒரு வகையில் தெரிந்த சுருள், புரதத்தோடு ஒட்டவைத்த ஒளிரும் பகுதியால் உண்டான போலித்தோற்றம் என்று ஸ்வூலியஸும் கிராண்ட் ஜென்சனும் நிறுவினார்கள். 1951இன் கதிர்கோலுக்கும் இந்தச் சுருளுக்கும் இடையே ஐம்பது ஆண்டுத் தொழில்நுட்பம் இருக்கிறது. பிழை நிகழ்ந்த விதம் ஒன்றுதான். இத்தனையையும் திருத்தியவர்கள் அதே துறையினர், சிலர் அதே ஆய்வகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

குரோமோசோம்களில் உண்மையிலேயே வேலை செய்யும் பார்ஏயின் கதையும் இப்படித்தான் வளைந்து சென்றது. சோதனைக்குழாயில் அது இழையாகச் சேர்வதைப் பலர் கண்டார்கள். 2010இல் காலோபாக்டரில் பார்ஏ கதிர்கோல் போன்ற கட்டமைப்பாகக் குரோமோசோமை இழுக்கிறது என்ற கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டு கியோஷி மிசூச்சியின் ஆய்வகத்தில் அந்தோனி வெக்கியரெல்லி வேறொரு விளக்கத்துக்கு அடித்தளம் இட்டார். ஏ.டி.பி.யைப் பிடித்த பார்ஏ, செல்லின் குரோமோசோம் முழுவதும் தனித்தனியாக ஒட்டிக்கொள்கிறது. பார்பி சுமந்த சென்ட்ரோமியர் அதைத் தொட்டால் பார்ஏ கழன்றுவிடும், மறுபடி ஒட்டும் தகுதி பெறச் சற்று நேரமாகும். எனவே சென்ட்ரோமியர் இருந்த இடம் வெறுமையாகிறது, பார்ஏ மிகுந்த பக்கம் அதை ஈர்க்கிறது. மேய்ந்த இடத்தை விட்டுப் புல் இருக்கும் பக்கமாக ஆடு நகர்வதைப் போல. 2014இல் டி.என்.ஏ. விரித்த பரப்பின் மீது, காந்தத்தால் பிடித்துவைத்த நுண்மணி ஒன்றை இந்தப் புரதங்களைக் கொண்டே நகர்த்திக் காட்டினார்கள். நீண்ட இழை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. இங்கே தண்டவாளமாக இருப்பது குரோமோசோமே. பிரிக்கப்பட வேண்டிய பொருளே பிரிக்கும் கருவியின் பாதியாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு, மைட்டாசிஸில் இணையாக எதையும் காட்ட முடியாது. அதனால்தான் அது நெடுநாள் யார் மனதிலும் தோன்றவில்லை.

கடைசியாக, இன்னும் கடுமையான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஈ.கோலையின் குரோமோசோமில் பார்ஏ, பார்பி ஏற்பாடே கிடையாது, ஆனாலும் அது பிழையின்றிப் பிரிகிறது. சுக்ஜுன் ஜுன்னும் பேலா முல்டரும் 2006இல், நீண்ட குறுகிய உறைக்குள் அடைபட்ட இரண்டு நெடும் சங்கிலிகள், கலந்து கிடப்பதைவிட விலகி இருப்பதில் அதிக அசைவு வாய்ப்பு இருப்பதாலேயே தாமாக விலகும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 2009இல் எரிங்டன் ஆய்வகம், சுவரை இழந்த பாசில்லஸ் சப்டிலிஸ் செல்கள் எஃப்டிஎஸ்இஸட் இல்லாமலும் பெருகுவதைக் கண்டது. அப்படியானால் இந்தப் புரதங்களுக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு? சுவரற்ற செல்கள் தாறுமாறான அளவில்தான் பிரிகின்றன என்பது ஒரு பதில். ஈ.கோலையைப் பற்றிய பதில் இன்னும் கவனத்துக்குரியது. ஜுன்-முல்டர் கணக்கு பலிக்க வேண்டுமானால் சங்கிலிகள் சுருட்டி அடக்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் செய்வது மக்பி என்ற புரதம். ஹிராகா குழு 1989இல் மக்பியைக் கண்டபோது, அதுவும் மயோசின் போலக் குரோமோசோமை இழுக்கும் மோட்டார் என்றே கருதப்பட்டது. பின்னர்தான் அது டி.என்.ஏ.வைச் சுருட்டும் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. செல்லை அறுக்கும் வளையம் குரோமோசோமின் மேலேயே அமைந்துவிடாமல் ஸ்லிம்ஏ என்ற புரதம் எஃப்டிஎஸ்இஸட்டைத் தடுத்துவைக்கிறது. கடைசி நேரத்தில் வளையத்துக்குள் மாட்டிக்கொண்ட டி.என்.ஏ.வை, அங்கேயே நிலைகொண்ட எஃப்டிஎஸ்கே நொடிக்கு ஏறத்தாழ 5,000 எழுத்து வேகத்தில் அந்தந்தப் பக்கம் இறைத்துவிடுகிறது. இயற்பியல் தரும் சாய்வை இந்தப் புரதங்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. ஒன்று இருப்பதால் மற்றது தேவையற்றதாகிவிடுவதில்லை.

2019இல் ஸ்டீஃபன் குரூபர், மார்ட்டின் தன்பிக்லர் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட கண்டுபிடிப்பு இந்த வரலாற்றில் மிகவும் பொருந்தி அமர்கிறது. பார்பி ஏன் தன் சென்ட்ரோமியரில் மட்டும் நில்லாமல் ஆயிரக்கணக்கான எழுத்துத் தொலைவுக்குப் பரவுகிறது என்பது நெடுநாள் புதிர். பார்பி சி.டி.பி. என்ற மூலக்கூறைப் பிடித்ததும் டி.என்.ஏ.வைச் சுற்றி வளையமாக மூடிக்கொண்டு, அதன் மேல் வழுக்கிச் செல்கிறது என்பது விடை. இத்தகைய வேலைகளில் ஏ.டி.பி.யையும் ஜி.டி.பி.யையும்தான் ஆய்வாளர்கள் எதிர்பார்த்துப் பழகியிருந்தார்கள்; உட்கருவுள்ள செல்லின் கதிர்கோலும் ஆக்டினும் இயங்குவது அவற்றால்தான். 1983 முதல் ஆய்வகங்களின் கையில் இருந்த ஒரு புரதத்தில் இப்படியொரு சாவி இருக்கக்கூடும் என்று தேடிப் பார்க்க 36 ஆண்டுகள் ஆயின.